ஏலாது என்றால் பாட வேண்டும்

ஒரே ஒரு நாள் பயிற்சி வகுப்பில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, ஊழியர்களின் மனப்பான்மையை மாற்றப் புறப்பட்ட மடையன் நான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு திருத்தும் இடமொன்றில் மேற்பார்வையாளர் வேலை. மறுநாளே ஒரு பலகை மாட்டினேன்: 'இங்கே ஏலாது, முடியாது என்று சொல்பவர் எல்லோர் முன்னாலும் பாட வேண்டும்.' எல்லோரும் சிரித்தார்கள். வேலையும் வேகமாகத்தான் நடந்தது.

மூன்றாம் நாள் ஒரு படகின் எஞ்சினை வெளியே தூக்க வேண்டியிருந்தது. கிரேன் ஓட்டுபவர் கிண்ணியா ஊர்க்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நஸீர் நானா; அவர் கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"என்ன நானா, பாடப் போறீங்களோ?" என்றேன்.

"இல்ல சேர். தூக்குவம்."

எஞ்சின் மேலே எழுந்தது. உதவியாள் சிவா கீழே நின்று அதைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தான். கயிற்றில் ஓர் இழை அறுந்து சுருண்டது. பிறகு இன்னொன்று.

"சிவா, ஓடு!" நானா கத்தினார்.

அவன் பாய்ந்தான். அவன் நின்ற இடத்தில் எஞ்சின் விழுந்து சீமெந்துத் தரை பிளந்தது.

"கயிறு தேய்ஞ்சது தெரியுமோ நானா?"

"தெரியும் சேர். இவ்வளவு பேருக்கு முன்னால பாட வெக்கமா இருந்திச்சி."

இப்போது யாராவது ஏலாது என்றால், வேலையை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்கிறேன். அன்றே பலகையை நானே ஏறிக் கழற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவா அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

"நான் செத்திருந்தா, என்ட வீட்டில வந்து நீங்கதான் சேர் ஒப்பாரி பாடியிருக்கோணும்."