வெயிலில் ஒட்டிய அரக்கு வளையல்கள்

ஜூலை மாதத்தில் பகல் முழுக்க மணல் திடலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அறைவது அனல், அதற்குப் பிறகுதான் வாசனை. அன்று சூடேறிய சீட்டின் வாசனையோடு, கோந்தையும் சர்க்கரையையும் சேர்த்துக் கருக்கியது போன்ற ஒரு புது வாசனையும் வந்தது. டாஷ்போர்டின் மேலிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்த அப்பா, சூடு பொறுக்காமல் கையை உதறினார். உள்ளே அம்மா வாங்கிய அரக்கு வளையல்கள், சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தன.

துபாய் அல் குசைஸில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. அப்பா ஏசி மெக்கானிக், அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ், இருவருக்கும் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. அம்மாவின் ஒரே தங்கையான சித்திக்கு ஆகஸ்டில் கல்யாணம். தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தவளும் அம்மாதான், அது பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே விட்டுவிட்டு விமானம் ஏறியவளும் அம்மாதான். "உனக்குச் சேல கெட்டி விட நான் வருவேன்" என்று போன் பேசும்போதெல்லாம் சொல்லி, அந்த ஒரு "லீவு"க்காகவே அந்த வருடம் மற்றவர்களின் நைட் டூட்டியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

இந்தித் தொடர்களில் வருவது போன்ற வளையல் வேண்டும் என்று சித்தி கேட்டிருந்தாள். பர்துபாயில் ஒரு சந்துக் கடையில் ராஜஸ்தான்காரர் ஒருவர் அடுப்பில் இரும்புத் தகட்டைக் காய்ச்சி, அதன்மேல் வளையலை இளக்கி, நுனி சிறுத்த மரக்கட்டையில் ஏற்றி, அவரவர் கை அளவுக்கே ஆக்கித் தருவார். "எனக்க கைதான் அவளுக்க கை" என்று அம்மா இரண்டு ஜோடிக்கும் தன் கையையே நீட்டினாள். சிவப்பு தங்கைக்கு, பச்சை தனக்கு, கல்யாணத்தன்று இருவரும் சேர்ந்து போடுவதற்கு. இது எதில் செய்வது என்று அப்பா கேட்டார், கடைக்காரர் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார்.

"பூச்சி விடுத பிசினாம்" என்றார் அப்பா. "போஸ்டாபீசுல பார்சலுக்கு சீல் வைப்பாவல்லா, அந்த அரக்குதான்."

"பூச்சி எச்சிலயா எனக்க தங்கச்சிக்குப் போடப் போறேன்!" என்று அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வம், அதனால் நினைவிருக்கிறது.

அன்று நைட் டூட்டி முடிந்து தூங்காமல் கடைக்கு வந்தவள், திரும்பும்போது காரில் ஏறியதும் உறங்கிப்போனாள். அவளை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போன அவசரத்தில் பொட்டலத்தை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கார் நின்ற இடத்திலேயே நின்றது. வண்டிக்குள் கேசட் வைக்கக்கூடாது, சென்ட் பாட்டில் வைக்கக்கூடாது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்; வளையல் வைக்கக்கூடாது என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடி வளையலாக இருந்தால் வெயில் அதை என்ன செய்துவிடப் போகிறது.

கட்டியைப் பார்த்து அம்மா அழவில்லை. நகத்தால் பிரிக்கப் பார்த்துவிட்டு, "எடுத்து வையுங்க, எனக்கு இப்ப ஏலாது" என்று படுத்துக்கொண்டாள். அடுத்த நாள் கடைக்குக் கொண்டுபோனோம். "காடி மே ரக்கா?" என்று கேட்டுக் கடைக்காரர் சிரித்தார், காரில் வைத்து இப்படிக் கொண்டுவருபவர்கள் கோடைக்குக் கோடை உண்டாம். மறுபடியும் தகட்டில் இளக்கி, பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். சிவப்பில் பச்சை கலந்தது, பச்சையில் சிவப்பு கலந்தது, மேலே பதித்திருந்த சில கண்ணாடித் துண்டுகள் அரக்குக்குள் புதைந்துபோயின. ஆனாலும் அம்மாவின் கைக்கு ஏறின.

அந்த வாரமே ஒரு மாலையில் அம்மா யூனிபார்மோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இன்னொரு நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாளாம்.

"லீவு மாஃபி" என்றாள். இல்லை என்பதற்கு எல்லோரும் சொல்லும் அரபுச் சொல்தான், அம்மா சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"நான் வந்து கேக்கட்டா?" என்றார் அப்பா.

"கேட்டா வேலையும் மாஃபிம்பாவ. நீங்களும் பிள்ளயும் போயிட்டு வாருங்க."

போனோம். சித்திக்கு யாரோ ஒரு அத்தை சேலை கட்டிவிட்டார். ரிசப்ஷன் நடுவில் அம்மாவின் போன் வந்தது. "வளையல் போட்டிருக்காளா மக்களே?" என்று என்னிடம் கேட்டாள். போட்டிருக்கிறாள் என்று சொல்வதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டாள். இருவரும் போன் கார்டு தீரும்வரை அழுதார்கள். டூட்டியில் நர்ஸ்கள் வளையல் போடக்கூடாது. அன்று காலை பச்சை வளையல்களை ரூமில் கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டு, கழற்றி வைத்துக் கிளம்பியதாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

வடக்கே பலாச மரக் கிளைகளில் சாறு குடிக்கும் பூச்சிகள் விடும் அந்தப் பிசின், சில மாத்திரைகளின் மேல்பூச்சிலும் இருக்கிறது என்று பெரியவளான பிறகு படித்தேன். சொன்னதற்கு, "அப்பம் டூட்டியிலயும் அதத்தான் பிடிச்சிட்டு நின்னிருக்கேன்" என்றாள் அம்மா.

இன்று அந்த மணல் திடலில் அடுக்குமாடி நிற்கிறது, வளையல் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வளையல்கள் விரிசல் விட்டு உதிர்ந்து எப்போதோ குப்பைக்குப் போயின. அம்மா உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய வருடம், சித்தி நர்ஸ் விசாவில் குவைத்துக்குப் போனாள்; இன்னும் அங்கே ஃபர்வானியாவில்தான் இருக்கிறாள். என் கல்யாணத்துக்கு அவளால் வர முடியவில்லை. அன்று சாயங்காலம் சித்தி போன் செய்தபோது, ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவே இல்லை.

"இன்னைக்கு டூட்டி டேயா, நைட்டா?" என்று மட்டும் கேட்டாள்.