மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம். நாகர்கோவிலை அடுத்த ஒரு கல்லூரியில் முதலாண்டு உளவியலுக்குப் பாடநூல் தேர்வு செய்யக் குழு ஒன்று அமைத்தார்கள். கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடைமுறையில் பிசகு வராமல் பார்த்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். இத்தகைய குழுக்களின் நடைமுறை எனக்கு அத்துப்படி. முதலில் முடிவு, அடுத்து பருப்பு வடை, கடைசியில் கூட்டம்.

அன்றைய முடிவு, துறைத்தலைவர் பல ஆண்டுகளாக நடத்திவரும் தடித்த வெளிநாட்டுப் புத்தகம். எதிர்த்தவர் ஒரே ஒருவர், தற்காலிக ஆசிரியை. துறைத்தலைவரின் பழைய மாணவி. அவருடைய பணி நீட்டிப்புக்கு அதே வாரம் அந்தத் துறைத்தலைவர்தான் பரிந்துரை எழுத வேண்டும். ஆசிரியையின் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அறையில் எல்லோருக்கும் இது தெரியும்.

"பிள்ளையளுக்கு இது மண்டையில ஏறாது சார்."

"இத்தன வருசமா நடத்துதேன். ஒருத்தரும் புரியல்லேன்னு சொன்னதில்லியே!"

"சொன்னா இன்டர்னல் மார்க் போவும்லா சார்?"

நான் வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆசிரியை நகலெடுத்த தாள்களை எங்களிடம் நீட்டினார். அந்தத் தடித்த புத்தகத்திலும், அவர் பரிந்துரைத்த மெல்லிய புத்தகத்திலும் மறதியைப் பற்றி வரும் பக்கங்கள். வாசித்து, மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு நம் பேச்சில் சொல்ல வேண்டும். வகுப்பிலும் இப்படித்தான் சோதித்துப் பார்த்தாராம்.

தடித்த புத்தகத்தின் பக்கத்தை, அருகில் இருந்த வணிகவியல் பேராசிரியருக்குச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். மெல்லிய புத்தகத்திலிருந்து சொன்னபோது மனிதர் என்னோடு வாதாடவே ஆரம்பித்துவிட்டார்.

துறைத்தலைவர் தடித்த புத்தகத்தின் பக்கத்தை மூடிவிட்டு, அருகில் இருந்த கல்லூரி முதல்வரின் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, தடுமாறி நின்றார். ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. திடீரென்று துறைத்தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, எனக்கே பரீட்சை வச்சிட்டியா? மறதியப் பத்தி வாசிச்சத மறந்துட்டேன் பாரு!"

மெல்லிய புத்தகத்தை அவரே முன்மொழிந்தார். நீட்டிப்புக்கான பரிந்துரையையும் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு, முதல்வரிடம் தள்ளினார். "இவள விட்டா என்னக் கேள்வி கேக்க இங்க ஆளு கெடையாது."

தோற்பதை இத்தனை அழகாகச் செய்த தலைவரை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆனாலும் இப்போது எந்தக் கூட்டத்தில் வாய் திறந்தாலும் எனக்கு அந்த ஆசிரியையின் வெளுத்த முகம்தான் நினைவுக்கு வருகிறது: ஓய்வூதியக்காரன் எனக்கு உண்மை பேச ஒரு செலவும் இல்லை, அவரோ வீட்டு அடுப்பையே பணயம் வைத்துப் பேசினார்.