அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

அம்மா எதை உதறினாலும் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வாள். போர்வையோ, காய்ந்த புடவையோ, என் பள்ளிக்கூடப் பையோ, இரண்டு முனைகளைப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடி, மூன்று முறை உதறுவாள். தூசியே இல்லாத துணிக்கும் அப்படித்தான். பதினோரு வருடம் சாக்கு உதறிய உடம்பு அது. கன்னட ஊரான சந்தாபுராவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிமெண்ட் ஷீட் கம்பெனி இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கான கல்நார் வந்து இறங்கும் சாக்குகளை உள்பக்கம் வெளியே திருப்பி, உதறி, கட்டுக் கட்டாக அடுக்குவது அங்கே பெண்களுடைய வேலை. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். வேறு பாதுகாப்பு கிடையாது. சாயங்காலம் வரும்போது அம்மாவின் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "பாருடி, உங்கம்மா கிழவி ஆயிட்டா" என்று குனிந்து காட்டுவாள். அந்த வெள்ளையை நான் விரலால் துடைத்து, ஊதி விளையாடியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏழாவது படிக்கும்போதே தெருவில் யாருக்கு ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், பேங்க் என்றாலும் ஃபாரம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். எனக்குத் தெரியாது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரியாததை எப்படியாவது நிரப்பிக் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கு என்னைவிடக் கர்வம். "எம்பொண்ணுகிட்ட குடுங்க, அவ மந்திரிக்கே எழுதுவா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களை வரிசையில் உட்கார வைப்பாள். "உன் பொண்ணுக்கு ஒரு ஆபீஸ் போட்டுக் குடுத்துடுடி" என்று அவர்கள் கிண்டல் செய்தால் அதையும் நிஜம்போல எடுத்துக்கொள்வாள்.

நான் ஒன்பதாவது படித்த வருடம் அவளால் சாக்குக் கட்டைத் தூக்க முடியவில்லை. மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வாள். வேலையை விட்டு நிற்பதாக இருந்தால் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அம்மா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னாள்: "மூச்சு வாங்குது, சாக்குத் தூசி நெஞ்சுல ஏறிடுச்சு, அதனால நின்னுக்கறேன். இப்படியே எழுது." மூச்சு வாங்குவதற்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டீச்சரைக் கேட்டிருக்கலாம். தெரியாது என்று அம்மாவிடமே சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. இலக்கணப் புத்தகத்தில் இருந்த மாதிரிக் கடிதத்தைத் திறந்துவைத்து, "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற வரியை அப்படியே இங்கிலீஷில் எடுத்துப்போட்டேன். அதே புத்தகத்திலிருந்து, முடிவில் "தங்கள் கீழ்ப்படிந்த மாணவி" என்றும் எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதியும் அது எனக்கு உறைக்கவில்லை. "நான் சொன்னத எழுதினியா?" என்று கேட்டாள். "எழுதிட்டேன்மா" என்றேன். கம்பெனி ஒரு பிரதியில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது. அதை என் மார்க் ஷீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் காசநோய் என்றே மருந்து கொடுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் முதன்முறையாக ஒரு டாக்டர், "என்ன வேலை செஞ்சீங்கம்மா?" என்று கேட்டார். கல்நார் நார்கள் நுரையீரலில் தங்கி அதை இறுக்கிவிட்டன, இனிப் பழையபடி திரும்பாது என்றார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். இப்படி ஒரு பெண் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்று கம்பெனி பதில் கொடுத்தது. அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. சாக்குப் பெண்கள் எல்லாரும் மேஸ்திரி கூலிக்குப் பிடித்த ஆட்கள், மேஸ்திரியோ எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. அம்மா அங்கே வேலை செய்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, முத்திரை குத்திய அந்தக் கடிதம். பத்திரமாக வைத்திருந்தேனே என்ற பெருமையோடு எங்கள் வக்கீலம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா" என்றார்.

வேலை செய்ததை நிரூபிக்கும் தாளே, நோயால் நிற்கவில்லை என்றும் சொன்னது. அதைக் கொடுக்காமலும் முடியாது. வக்கீலம்மா ஒரு வழி சொன்னார்: கூண்டில் ஏறி அம்மா நடந்ததைச் சொன்னால் போதும். "நான் சொன்னது ஒன்று, விவரம் தெரியாத பிள்ளை எழுதியது வேறு" என்று. அன்றுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சின்னப் புள்ளதானே நீ" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். தலையாட்டினாள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, சாக்கு உதறுகிற அம்மாள் எந்த வகுப்பு மாணவி என்று கன்னடத்தில் கேட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். அம்மா சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே சொன்னாள்: "நன் மகளு பரெதித்து, சார். நான் ஹேள்தங்கே பரெதவ்ளே." என் மகள் எழுதியது, நான் சொன்னபடியேதான் எழுதியிருக்கிறாள். எங்கள் வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கோர்ட்டு வாசல் என்றும் பாராமல் கத்தினேன். "ஏம்மா இப்படிப் பண்ணுன? அவ்ளோ சொல்லிக் குடுத்தேனே!"

"அந்த ஆளு உன் எழுத்தப் பாத்து சிரிக்கிறான்டி."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்! கேஸு போச்சே!"

"போனாப் போவுது. அத்தன பேர் முன்னாடி எம்பொண்ணுக்கு எழுதத் தெரியலன்னு என் வாயால சொல்லணுமா? உன்னப் படிக்க வெச்சது அதுக்கா?" அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். கோபத்தில் மூடியை எங்கேயோ வீசிவிட்டேன்.

பிறகு வாய்தா மேல் வாய்தா. கம்பெனி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். அந்தக் காரணத்தை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு வரும்முன் அம்மா போய்விட்டாள். வாரிசு என்ற முறையில் வழக்கு என் பெயருக்கு வந்தது. போன மாதம் அதே கூண்டில் நான் ஏறினேன். கடிதம் என்னுடையது, அம்மா சொன்னது வேறு, எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக எனக்குத் தெரியாது என்று வெளியில் சொன்னது அங்கேதான்.

"அப்படியென்றால் உங்கள் தாயார் சத்தியம் செய்து சொன்னது பொய்யா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"பொய்தான். எனக்கு அவமானம் வரக்கூடாதென்று சொன்ன பொய்" என்றேன்.

நீதிபதி திரும்பி டைப் செய்பவரிடம் என் வாக்குமூலமாகக் கன்னடத்தில் சொன்னார்: என் தாயார் கூறியது பொய். அவ்வளவுதான். "மேடம், மீதியையும்..." என்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில், அம்மா" என்றார், கடுமையில்லாமல்தான்.

டைப் செய்த தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். படிக்கத் தெரிந்தவள் நான், முழுவதையும் படித்தேன். அந்த வரியின் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே மீதியை எழுதப் போனேன். குமாஸ்தா தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்து, "அங்க எழுதக் கூடாதும்மா. கீழே கையெழுத்து மட்டும்" என்றார்.

போட்டேன்.