அருவியில் குளிக்காதவளின் கதை என்னுடையது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் குற்றாலத்துக்கு ஓர் எண்ணெய்க் குப்பியோடு வந்து, அருவிக்கு வருகிறவர்களின் முதுகில் எண்ணெய் தேய்த்தே மூன்று மாடி லாட்ஜ் கட்டியவன் நான். எழுத்தும் அப்படித்தான் வந்தது, யாரும் சொல்லித்தரவில்லை. செல்போனிடம் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பேசிப் பேசி, பிழை திருத்தி, இணையத்தில் என் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் கல்லூரி வாத்தியார்களே அதை விடாமல் படிக்கிறார்கள்.

நான் எழுதியதிலேயே உசத்தி, போன வருஷம் என் மனைவி இறந்த பிறகு அவளைப் பற்றி எழுதியது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சாகும்வரை அவள் அருவியில் குளித்ததே இல்லை. சீசன் வந்தால் எங்களுக்கு லாட்ஜ் படுக்கை விரிப்புத் துவைப்பதுதான் வேலை. சாரலில் ஒரு துணி காயாது. மூட்டை கட்டி இலத்தூரில் அவளுடைய பிறந்த வீட்டு மாடிக்கு அனுப்புவாள், அங்கே காற்று மட்டும்தான், தூறல் எட்டாது. "வா, ஒரு நாள் போய்க் குளிச்சிட்டு வருவோம்" என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "ஊரு பூரா நனைஞ்சிட்டு வந்து போடுத துணிய நான் அலசுதேன். நான் வேற போய் நனையணுமாக்கும்? அந்தக் கூட்டத்துல இடிபட எனக்குப் பைத்தியமா?" என்பாள். அவளுக்கு அருவியே பிடிக்காது. இதை உள்ளபடி எழுதினேன். படித்தவர்கள் சிரித்தார்கள், கடைசியில் அழுதார்கள். சிரிக்க வைத்து அழ வைக்க எல்லாராலும் முடியாது.

முதல் வருஷத் திதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, லாட்ஜில் தங்கியிருந்த ஒருத்தர் கண் கலங்கியபடி ஒரு வீடியோவைக் காட்டினார். புல்லாங்குழல் அழ, ஒரு ஆள் அடித்தொண்டையில் வாசிக்கிறான். என் வரிகள்! விரிப்பு, மூட்டை, சாரல் எல்லாம் அப்படியே. முடிவை மட்டும் மாற்றியிருக்கிறான். நோயில் கிடந்தவள் "ஒரே ஒரு தடவ அருவியில நிக்கணும்" என்று கெஞ்சினாளாம், புருஷன் விடவில்லையாம், அந்த ஏக்கத்தோடு கண்ணை மூடினாளாம். கீழே அவன் பெயர். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கீழே போனேன், மேலே வந்தேன், வரவேற்பு மேஜையில் உட்கார முடியவில்லை. என் எழுத்து அங்கே இருப்பதால்தானே கண்டவனும் எடுக்கிறான் என்று தோன்றிய வேகத்தில் என் பக்கத்துக்குள் போய் அதை அழித்தேன். அழித்தவை போய்ச் சேருகிற இடம் ஒன்று உண்டு, அங்கேயும் போய்த் துடைத்தேன். இனி எவன் எடுப்பான் என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் தென்காசி கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வக்கீலம்மாவிடம் போனேன். லாட்ஜ் பத்திரமெல்லாம் பார்த்தவர், ஒளிவுமறைவு கிடையாது.

"பதிவு கிதிவு பண்ணாம விட்டுட்டேனே, போச்சா?" என்று கேட்டேன்.

"போகல அண்ணாச்சி. நீங்க எழுதுன அந்த நிமிஷமே அது உங்களுது. பதிவு பண்ணுனா கோர்ட்ல பேச வசதி, அவ்வளவுதான். உங்க பேரப் போடணும்னு கேக்க உரிமை இருக்கு. உங்க பேருக்குக் கெடுதல் வாரமாதிரி உங்க எழுத்தத் திரிச்சா, தடுக்கவும் உரிமை இருக்கு. வீடியோ போட்ட தளத்துலயே புகார் குடுக்க வழி வச்சிருக்காங்க. நீங்க போட்ட மூலத்தக் காட்டுங்க, தேதி பாப்போம்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"களவு போகுதுன்னு பத்திரத்தக் கொளுத்துவாங்களா அண்ணாச்சி? இப்ப அவன்தான் முதல்ல எழுதுனவன். நீங்க போய்ச் சொன்னா, உங்களத்தான் திருடன்னுவான்."

"படிச்ச அத்தனை பேரும் சாட்சி சொல்லுவாங்க."

"சாட்சி பொறவு. அன்னைக்குப் போட்டத உங்க பேரோட, தேதியோட யாராவது படம் புடிச்சு வச்சிருக்காங்களா, அதக் கொண்டாங்க."

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள் வைத்திருந்தார். என் மனைவியின் தம்பி, இலத்தூரில். ராணுவத்தில் இருக்கிற மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கே செல்போன் திரையைப் படமெடுத்தார். அவரிடம் எப்படிப் போவது என்பதுதான் விஷயம். வீடியோ ஊருக்குள் சுற்றியதிலிருந்து அவர் என் போனை எடுக்கவில்லை. திதிக்கு வர மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லியும் விட்டார். அக்காள் திதிக்குத் தம்பி வராவிட்டால், அந்த வீடியோ சொன்னது நிஜம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். நான் யார் வாசலிலும் போய் நின்றவன் இல்லை. என்றாலும் போனேன்.

வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வா என்று சொல்லவில்லை.

"டீக்கடையில என்ன கேக்கான் தெரியுமா அத்தான்? உங்க அக்கா அருவிக்கு ஏங்கியே செத்தாளாமேன்னு கேக்கான். அவன் சட்டையப் புடிச்சிட்டேன்."

"அது நான் எழுதினது இல்ல மாப்பிள."

"நீங்களேதான குடுத்திய? உங்க பேரு நாலு ஊருக்குத் தெரியணும்னா எதையும் குடுப்பியளே."

"என் பேரு எங்க இருக்கு அதுல? காட்டும் பாப்போம்!"

அவர் வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். என் பெயர் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என் பெயர் இல்லாத இடத்துக்கு நான் எதையும் கொடுக்க மாட்டேன் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கோபம் இறங்கியதாகத் தெரியவில்லை, ஆனால் திரும்பி உள்ளே பார்த்து, "ஏட்டி, அத்தானுக்குக் காப்பி போடு" என்று மனைவியிடம் சொன்னார். படம் அவர் போனில் பத்திரமாக இருந்தது. என் பெயர், தேதி, முழுக் கட்டுரை.

அங்கேயே உட்கார்ந்து அந்த வீடியோக்காரனுக்கு அதை அனுப்பினேன், என் நம்பரையும் போட்டு. காப்பி ஆறுவதற்குள் அவனே கூப்பிட்டான். மைத்துனருக்கும் கேட்கிற மாதிரி போனைக் கட்டிலில் வைத்தேன்.

"ஐயா, நெட்ல சும்மா கிடந்துச்சு, எடுத்தேன். தப்பா நினைக்காதீங்க."

"ஏலே, ரோட்டோரம் என் பைக் நிக்குது. சும்மா நிக்குதுன்னு ஓட்டிட்டுப் போவியா?"

"சரிங்கய்யா, உங்க பேரையே போட்டுடறேன். கதை, எழுத்துன்னு பெருசா முதல்லயே வரும். எத்தனை லட்சம் பேர் பாக்கறாங்க தெரியுமா? உங்களோட மத்ததையும் குடுங்க, வாரம் ஒண்ணு பண்ணலாம்."

பொய் சொல்வானேன், அந்தப் பெரிய எழுத்து என் கண் முன்னால் வந்தது. எந்தப் பத்திரிகை என்னை இப்படிக் கூப்பிட்டிருக்கிறது? மைத்துனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்ளரை எடுத்தவர் குடிக்கவில்லை.

"முடிவ மாத்துவியா?" என்று கேட்டேன்.

"அந்த முடிவாலதான் ஐயா ஓடுது. பிடிக்காம குளிக்கலைன்னா யாரு அழுவா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பெயரில் இருக்கும்வரை அது எவனோ சொன்ன பொய். என் பெயரைப் போட்ட நிமிஷம், நானே என் வாயால் சொன்ன வாக்குமூலம். சாகக் கிடந்தவளை அருவியில் நிற்கவிடாதவன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

"பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எடுலே அத" என்றேன்.

அவன் எடுக்கவில்லை. மறுநாள் வக்கீலம்மாவின் மேஜையிலேயே உட்கார்ந்து தளத்துக்குப் புகார் அனுப்பினோம். மைத்துனரும் கூட வந்தார், படம் அவர் போனில்தானே இருந்தது. பதில் வரும்வரை நான் பட்டபாடு! சாப்பிடும்போது போன், படி ஏறும்போது போன். அறை கேட்டு வந்தவரிடம் சாவியை நீட்டிவிட்டு முன்பணம் வாங்க மறந்தேன், என் தொழிலில் நடக்காத சங்கதி. திதிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வீடியோ இருந்த இடத்தில் கறுப்புத் திரைதான் இருந்தது. உரிமைப் புகாரால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி.

இப்போது எதை எழுதினாலும் மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை என் பெயர் வருகிறது. போட்ட கையோடு படம் பிடித்து என் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுகிறேன். பிழையை அடித்துத் திருத்துகிற பழக்கம் மட்டும் உண்டு, முழுசாக அழிக்கிற பழக்கம் இல்லை. அவளைப் பற்றிய கட்டுரையையும் பழையபடி ஏற்றிவிட்டேன். எழுதுகிறவர்கள் இதையெல்லாம் என்னைப் பார்த்துச் செய்தால் நல்லது.

திதிக்கு மைத்துனர் காலையிலேயே குடும்பத்தோடு வந்துவிட்டார். பந்தியில் ஒரு கிழவி, சொந்தக்காரிதான், "பாவம், அருவியில ஒரு தடவ நிக்கக் குடுத்துவைக்கலியே" என்று ஆரம்பித்தாள். எனக்கு வாய் எழும்பும் முன்னால் மைத்துனர், "ஆச்சி, எங்க அக்காளுக்கு அருவி பிடிக்காது. பேசாம சோத்த உண்ணுங்க" என்றார்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, மடியிலிருந்த போனைக் காட்டினார். வேறொரு பக்கம். இந்தத் தடவை ஒரு பெண் குரல் வாசித்தது. அதே புல்லாங்குழல், அதே ஏக்கக் கதை.

"சாப்பிட்டுட்டுப் பாப்போம் அத்தான்" என்றார்.

இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.