நரசிம்மலுவின் நார்மல் ரத்தம்

கோயம்புத்தூரில் முருங்கைக்கீரை விலை ஏறியதற்குக் காரணம் மழையும் இல்லை, டீசலும் இல்லை, நரசிம்மலுதான் என்று காந்திபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. ரத்தம் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவர் கீரை தின்னச் சொல்லியே அனுப்பினார். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரிக்கும் கீரை, மதுக்கரையில் சிமெண்ட் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கும் பயில்வானுக்கும் கீரை. மனுசர்களே அத்தனையையும் தின்று தீர்த்ததால் பொள்ளாச்சிச் சந்தை மாடுகள் இவர்மேல் கோபமாக இருந்தன என்றும் சொல்வார்கள். இதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் நிஜம்.

காந்திபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நரசிம்மலு மூத்த டெக்னீஷியன். சர்க்கரை, உப்பு பார்க்கிற வேலையைச் சின்னவர்களிடம் தள்ளிவிடுவார். அவர் கை வைப்பது எலெக்ட்ரோஃபோரிசிஸ் ஒன்றில்தான். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவருக்கு ஓர் அங்குலம் உயரம் கூடும்.

ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஹீமோகுளோபின் ஒரே பொருள் இல்லை. அதில் சில வகைகள் உண்டு. எல்லாம் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் சுமக்கிற மின்னூட்டம் வேறு. காரக் கரைசலில் நனைத்த மெல்லிய தாள் ஒன்றில் ரத்தத்தை ஒரு கோடாக வைத்து, இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தால் எல்லாம் பாசிட்டிவ் முனையைப் பார்த்துக் கிளம்பும். மின்னூட்டம் கூடியது முன்னே ஓடும், குறைந்தது பின்தங்கும். காந்திபுரத்தில் ஒன்றாய் ஏறிய கூட்டம் அவிநாசி ரோடு நெடுக ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்குகிற மாதிரி என்பார் நரசிம்மலு. ஏ என்கிற பெருங்கூட்டம் கடைசி ஸ்டாப் வரைக்கும் போகும். ஏ-டூ என்பது கொஞ்சம் பேர்தான். அவர்கள் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார்கள். பிறகு தாளுக்குச் சாயம் ஏற்றினால் இறங்கிய இடமெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரியும்.

முதல் ஸ்டாப்பில் கோடு தடிமனாக இருந்தால் அந்த ஆள் தலசீமியாவைச் சுமக்கிறவர். சுமப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. தின்று, உறங்கி, நூறு வயசு வரைக்கும் வம்பு பேசலாம். சுமக்கிற ஆணும் சுமக்கிற பெண்ணும் கட்டிக்கொண்டால்தான் வினை. பிறக்கிற பிள்ளைக்குச் சொந்தமாக ரத்தம் ஊறாமல் போகலாம். அப்படிப் போனால் ஆயுள் பூராவும் ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோடு தடிமனா இல்லையா என்பதைப் பக்கத்தில் ஒரு நார்மல் ரத்தத்தை ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த நார்மல் ரத்தத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நரசிம்மலு அதைத் தொடமாட்டார். "ஊர் பேர் தெரியாதவன் ரத்தம் எனக்கெதுக்குங்க? என்ற ரத்தமே இருக்குதே, பச்சையா!" என்று விரல் நுனியில் குத்தி, தன் சொட்டையே தாளின் முதல் வரிசையில் வைப்பார். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தறியாத உடம்பு. அதைவிட நார்மல் எது? மாலையில் கையெழுத்துப் போட வருகிற டாக்டரும், "நரசிம்மலு பாத்தாச்சா? சரி" என்று பேனாவை எடுப்பார்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏ-டூ கோடு நரசிம்மலுவின் கோட்டைவிட மெலிசாகத்தான் விழுந்தது. இரும்புச்சத்து குறைந்தாலும் அந்தக் கோடு மெலியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊரில் சோகைக்கா பஞ்சம்? அதனால்தான் அத்தனை கீரை. அபூர்வமாக யாருக்காவது தன் கோட்டுக்குச் சமமாக விழுந்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "நெம்ப நல்ல ரத்தமுங்க! என்ற ரத்தமாட்டவே இருக்குது!" என்று கைகொடுத்து அனுப்புவார்.

மகள் ஹாரிகாவை மனைவி லட்சுமியம்மாளின் தம்பி சுரேந்தருடைய மகன் சாய்சரணுக்குக் கொடுப்பது என்பது அவள் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவான காரியம். தெலுங்குக் குடும்பம், அத்தை பெண்ணை வெளியே விடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். நரசிம்மலு மட்டும், சொந்தத்தில் கட்டும்போது ரத்தம் பார்க்காமல் தாலி ஏறாது என்று ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு பேர் ரத்தத்தையும் தானே எடுத்து, தன் சொட்டுக்குப் பக்கத்தில் ஓடவிட்டார். மூன்று வரிசை, மூன்றும் ஒரே அச்சு. தாளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"பாரு லட்சுமி, மூணு பேருக்கும் ஒரே மாதிரி. ஒரு மயிரிழை வித்தியாசம் சொல்லு பாக்கலாம்?"

"ஏனுங்க, இதுக்குப்போயி பச்சப்புள்ளைங்க ரத்தத்த உறிஞ்சோணுமா? என்ற தம்பி மகன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

தை மாதம் பீளமேட்டில் கல்யாணம். பந்தியில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தது. சுரேந்தர் குறும்புக்கு வைத்தது.

சித்திரையில் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெஷின் வந்தது. தாளும் இல்லை, சாயமும் இல்லை. தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாயில் கரண்டே ரத்தத்தை இழுத்துப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று திரையில் மலை மலையாக வரைந்துவிடும். அதைப் பொருத்த வந்தவன் முஜீப் என்கிற இளம் இன்ஜினியர், கோட்டைமேட்டுக்காரன். சோதனை ஓட்டத்துக்கு ஒரு நார்மல் ரத்தம் வேண்டும் என்றான். நரசிம்மலு ராஜா மாதிரி சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டினார்.

திரையில் ஏ-டூ மலை எழும்பியது. முஜீப் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.

"சார், இது உங்க ரத்தந்தானுங்களா? அஞ்சுக்கு மேல காட்டுது. மூணரைக்கு உள்ள இருக்கோணும்."

"உங்க மெஷினு வழியில குலுங்கியிருக்கும் தம்பி."

மறுபடி ஓட்டினான். அதே மலை. நரசிம்மலு சிரித்துக்கொண்டே தன் தாளை எடுத்துவந்தார். தன் சொட்டையும் முஜீப்பின் சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டுச் சாயம் ஏற்றினார். முஜீப்பின் கோடு மெலிசு.

"பாத்தீங்களா? உங்களுக்கு இரும்பு பத்தல. முருங்கைக்கீரை தின்னோணும்."

"போன மாசந்தான் பாத்தேன் சார், இரும்பெல்லாம் நெறைய இருக்குது." முஜீப் குரலைத் தணித்துக்கொண்டான். "எம்படது நார்மல் கோடு. உங்களதுதான் தடிமன். நீங்க தலசீமியா கேரியருங்க சார்... சார், நீங்க இதையா இத்தன வருசமா நார்மலுன்னு வெச்சுப் பாத்தீங்க?"

நரசிம்மலு தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் கண்ணுக்குள் இருந்தது வேறொரு தாள். அவர், மகள், மருமகன்: மூன்று வரிசை, ஒரே அச்சு. ஹாரிகா முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம்.

"இன்னும் நேரம் இருக்குது சார்," என்றான் முஜீப், விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. "இப்பவே போனா, வவுத்துல இருக்கற புள்ளைக்கே டெஸ்ட் எடுத்துச் சொல்லிருவாங்க. முடிவு பண்றதுக்கு வழி இருக்கும். தள்ளிப்போட்டீங்கன்னா வழி அடைஞ்சு போயிரும்."

அன்று மாலையே கணபதியில் இருந்த சுரேந்தர் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடி போனார்: என்ற ரத்தத்துல கோளாறு, அதை வெச்சு அளந்ததெல்லாம் கோளாறு. பஸ்ஸில் அது வாயில் சரளமாக வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்க மச்சான்! நம்ம நார்மல் வந்தாச்சு, காபி போடுங்க!" என்று சுரேந்தர் கூவினார். பம்ப் வார்ப்படப் பட்டறை நடத்துகிறவர். பேச்சும் இரும்பில் அடித்த மாதிரிதான் கேட்கும்.

நரசிம்மலு பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

"புது மெஷின் வந்திருக்குது. ரெண்டு புள்ளைங்களுக்கும் இன்னொருக்கா பாத்துப்போட்டா நல்லது. புள்ளைக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம், ஒரு ஊசிதான்," என்றார்.

"வவுத்துல ஊசியா?" முதலில் எழுந்தவள், மகளைப் பார்க்க வந்திருந்த லட்சுமியம்மாள். "நல்லா இருக்கற புள்ளைய எதுக்குக் குத்தோணும்? நீங்கதான பாத்துச் சொன்னீங்க?"

"அப்பச் சொன்னேன்... இப்ப மெஷின்ல கொஞ்சம் வித்தியாசமாக் காட்டுது."

"மச்சான், மெஷினு விக்கறவன் அப்படித்தான் காட்டுவான்," என்றார் சுரேந்தர். "எம் பட்டறைக்குப் புது மெஷினு குடுக்க வந்தவனும், நான் வார்த்ததெல்லாம் ஓட்டைன்னுதான் சொன்னான். உங்க கையவிட அவன் மெஷினு பெருசா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, நீங்க பாத்து எதாச்சும் தப்பாயிருக்குதா?"

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஹாரிகாவும் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பாத்தது தப்புன்னா சொல்லுங்க. இப்பவே கெளம்பறேன்."

இவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கதவை ஒரு மனிதனுக்கு யாரும் திறந்துவிட முடியாது. கணபதியில் அந்த நேரத்தில் ஓடிய அத்தனை பட்டறை லேத்தும் அவர் பதிலுக்காக நின்றன என்று சொன்னாலும் நம்பலாம். நரசிம்மலு காபி டம்ளரை டபராவுக்குள் வைத்தார்.

"தப்புன்னு இல்ல கண்ணு. ஒரு திருப்திக்குச் சொன்னேன்."

"எங்களுக்குத் திருப்தியாத்தான் இருக்குது," என்று லட்சுமியம்மாள் பேச்சை முடித்தாள்.

முஜீப் போன் செய்து, "சார், சொல்லீட்டீங்களா?" என்று கேட்டான். "சொல்லிப்போட்டேன் தம்பி" என்றார். அதில் பொய் பாதிதான். பெண் டாக்டரிடம் போனபோது, தலசீமியா பார்த்தாயிற்றா என்று அவர் கேட்க, "எங்கப்பாவே பாத்துட்டாருங்க!" என்று ஹாரிகா பெருமையாகச் சொன்னதை லட்சுமியம்மாள் வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். நரசிம்மலு தலையை ஆட்டினார். பரிசோதனைக் கூடத்தில் விரலைக் குத்திக்கொள்வதை நிறுத்திவிட்டார். மெஷினில் வருகிற எண்ணை வாசிப்பதோடு சரி. வீதியில், கீரை தின்ன வைத்த பயில்வானைப் பார்த்தால்கூடச் சந்து மாறிப் போனார். நாலில் ஒரு பங்குதான் ஆபத்து, மூன்று பங்கு நல்லது என்று கோனியம்மனுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பெண் குழந்தை. கொழுகொழுவென்றுதான் பிறந்தது. லட்சுமியம்மாள் இவரைப் பார்த்து, "ஊசி போடோணுமாமா, ஊசி!" என்று எல்லார் முன்னாலும் பழித்துக் காட்டினாள். அவரும் சிரித்தார். அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான சிரிப்பு அதுதான். குழந்தை குப்புற விழுந்த மாதத்தில் உதடு வெளுத்தது. பால் குடிக்கக் களைத்தது. வயிறு மட்டும் வீங்கியது. ரத்தம் அந்தப் புது மெஷினுக்கே வந்தது. ஏ என்கிற பெரிய மலை எழும்ப வேண்டிய இடத்தில் வெறும் தரை. நரசிம்மலு திரையை அணைத்துவிட்டார்.

ரத்தம் ஏற்றும் வார்டுக்கு மாதா மாதம் போக வேண்டியதாயிற்று. "புது மெஷின் சொன்னப்பவே பாத்திருக்கலாம்" என்று சுரேந்தர் ஒருமுறை முனகியதோடு சரி; யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்பா கை பொய் சொல்லாது, விதிதான் பொய் சொல்லிவிட்டது என்று ஹாரிகா நம்பிக்கொண்டிருந்தாள். அவர் துணைக்கு வருவார், குழந்தையின் கை அசையாமல் பிடித்துக்கொள்வார். அது அவள் அவரிடம் விட்டிருந்த வேலை.

ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி, நாலு வயசுப் பையனோடு இருந்தாள். பெயர் சண்முகப்பிரியா. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா! காந்திபுரத்து லேப் ஐயாதானுங்க? எங்க ரெண்டு பேருக்கும் நீங்கதானுங்க பாத்தீங்க. நெம்ப நல்ல ரத்தம்னு என்ற ஊட்டுக்காரருக்குக் கையெல்லாம் குடுத்தீங்க!"

நரசிம்மலு பேத்தியின் கையை இன்னும் மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"இங்க இருக்கறவங்க என்னென்னமோ சொல்றாங்க," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்ற மாமியா நம்பறதில்லீங்க. ஐயா கையாலயே பாத்து நல்லாருக்குன்னு சொன்னது, நடுவுல பங்காளிங்க எதையோ செஞ்சுபோட்டாங்கன்னுதான் மந்திரிக்கறாங்க. இப்ப ரெண்டாவது தரிச்சிருக்குதுங்க. ரெண்டு மாசம். ஊசி போட்டுப் பாக்கச் சொல்றாங்க, ஊட்டுல வேண்டாங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு. அது போதுமுங்க."

கட்டிலின் அந்தப் பக்கம் வாஷ்பேசினில் ஹாரிகா பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போய் ஊசி போட்டுப் பாருங்க அம்மணி," என்றார் நரசிம்மலு.

"நீங்களேவா சொல்றீங்க? அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது?"

"தப்பு."

"உங்க கை தப்பாதுன்னு..."

"கை தப்பலீங்க. ரத்தந்தான் தப்பு. நார்மல்னு என்ற ரத்தத்த வெச்சு உங்கள அளந்தேன். என்ற ரத்தத்துலயே அந்தக் கோளாறு இருக்குது. என்னாட்ட இருக்கறவங்களையெல்லாம் நல்லா இருக்காங்கன்னு அனுப்பிப்போட்டேன். உங்க மாமியாகிட்ட இதைச் சொல்லுங்க. போன் போட்டுக் குடுத்தா நானே சொல்றேன். பங்காளி செய்யல, நாந்தான் செஞ்சேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சண்முகப்பிரியா தன் பையனைப் பார்த்தாள், அவன் கையில் ஓடிய குழாயைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

எப்போதும் போல ஒரு பாதியைச் சொல்லலாம். போன மாசம் என்று சொல்லலாம். சொன்னால் இவளும் ஒரு பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

"போன வருசம் சித்திரைல. என்ற பொண்ணு மூணு மாசமா இருக்கறப்ப."

சண்முகப்பிரியா மாமியாருக்குப் போன் போட வராந்தாவுக்குப் போனாள். ஹாரிகா ஈரக் கையைத் துடைக்காமலே வந்து, குழந்தையின் கையை அவர் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். அவள் அதில் உட்காரவில்லை.

"சிஸ்டர்," என்றாள், அவரைப் பார்க்காமல். "அடுத்த தடவையில இருந்து புள்ளைக்குக் கை புடிக்க வேற ஆள் வருவாங்க. இவர உள்ள உடாதீங்க."