தாய்மாமன் கோடி

சென்ற ஆண்டு கோடையின் தொடக்கத்தில், பெங்களூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் மனைவியின் உடலருகே அமர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓர் ஆளுக்காகக் காத்திருந்தேன். துயரத்தைக் காட்டிலும் எரிச்சலே அன்று என்னை ஆண்டது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

எங்கள் வழக்கப்படி, சுமங்கலியாக இறந்தவளுக்குப் பிறந்த வீட்டார் ஒரு புதுப் புடவையும் தாய்மாமன் ஒரு புதுப் புடவையும் போர்த்த வேண்டும். கோடி போடுவது என்பார்கள். அதற்குப் பிறகே உடலை எடுக்கலாம். பிறந்த வீட்டுக் கோடியை அவளுடைய சித்தப்பா போட்டுவிட்டார். தாய்மாமன் கோடிக்கும் காலையிலேயே சிவாஜிநகரில் புடவை வாங்கி வைத்தாயிற்று. தாய்மாமன்தான் வரவில்லை. மின்மயானத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் பன்னிரண்டு மணி. தவறினால் மறுநாள்தான் என்று மகன் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

இதில் ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். என் மனைவி என் சொந்த அக்காவின் ஒரே மகள். அவள் தாயின் உடன்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான்.

சித்தப்பா இதை அறியாதவர் அல்லர். என் அக்கா கணவரின் தம்பி என்ற முறையில் முன்பு என்னை மச்சான் என்று அழைத்தவர், திருமணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை என்று மாற்றிக்கொண்டார். காலையிலேயே என் காதோரம் குனிந்து, "ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நிக்க முடியுமா மாப்ள? தாலி கட்டினப்பவே மாமன் முறை போயிடுச்சு" என்று சொல்லி, ஓசூரிலிருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியை வரவழைத்தார். அந்தத் தம்பி வரும் வழியில் பொம்மசந்திராவில் நெரிசலில் சிக்கிக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசி வரும். ஒவ்வொரு முறையும் பொம்மசந்திராவைத் தாண்டிவிட்டதாகச் சொல்வார். ஓர் ஊரை ஒருவர் எத்தனை முறை தாண்ட முடியும்?

எரிச்சலோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. கல்லூரியில் மரபியல் கற்பித்தவன் நான். நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களை வம்ச வரைபடத்தில் இரட்டைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் கரும்பலகையில் அதை வரைந்து, அதன் ஆபத்துகளை விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அக்கா மகள் கையால் காப்பி வாங்கிக் குடித்தவன். சக ஆசிரியர்கள் கேட்டபோது, சொந்தமில்லை, ஒரே ஊர்க்காரர்கள் என்று சொல்லிவைத்தேன். பிறந்ததிலிருந்து என்னை மாமா என்று அழைத்தவளிடம், இனி அப்படி அழைக்காதே என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து வெறும் "ஏங்க"தான்.

அந்தச் சக ஆசிரியர்களில் மூவர் அன்று கூடத்தில் அமர்ந்திருந்தனர். பதினொன்றரை மணியளவில் அவர்களில் ஒருவர் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், யாருக்காக வெயிட் பண்றாங்க?"

"இவளோட தாய்மாமனுக்காக."

"எங்கே இருக்கார்?"

அவர் பரிவோடுதான் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் ஒரு பொய் எனக்கு வரவில்லை.

"இங்கதான் இருக்கேன் சார். இவ என் அக்கா பொண்ணு."

எழுந்து புடவையை எடுத்தேன். சித்தப்பா குறுக்கே கை நீட்டினார். "தாலி கட்டினது அப்புறம். இவ பொறந்த அன்னிக்கே நான் மாமன்" என்றேன். அவர் கையை இறக்கிக்கொண்டார். புடவையை விரித்துத் தோள்வரை போர்த்தினேன். சக ஆசிரியர் என் முதுகில் கை வைத்தார். ஒருவேளை அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திராது. அவ்வளவு காலம் நான் அஞ்சியது இதற்குத்தான்.

உடலை எடுக்கும்போது கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"நீங்க போட்டதுதான் சரி சார். நீங்க காலேஜ் போயிட்டிருந்த காலத்துல தினமும் சாயங்காலம் அவங்க எங்க வீட்டு வாசல்ல பேசிட்டிருப்பாங்க. அஞ்சு மணி ஆனா, 'எங்க மாமா வந்துடுவாரு'ன்னு எழுந்துடுவாங்க. சொந்த சோதர மாவ, தாய்மாமன்னு வந்த வருஷமே சொன்னாங்களே."

நான் ஊரறியாமல் மறைத்ததை, அவள் ஒரு மாடிப்படிக்குக் கீழே நாள்தோறும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது யார் கேட்டாலும், அக்கா மகள் என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் காதில் விழும்படி, அவள் இருந்தவரை, அதை நான் ஒருமுறைகூட யாரிடமும் சொன்னதில்லை.