வடக்கே தலை வைக்காத பெஞ்சு

ஓய்வு பெற்று கொல்லிமலைக்கு வந்தபோது, இனி யாருக்கும் எதையும் சொல்லித்தருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாலை போடும் இலாகாவில் இருந்த காலம் முழுக்கச் சொல்லியாயிற்று. சாலைகள் இன்னமும் குழியாகத்தான் கிடக்கின்றன. அந்த முடிவைக் கெடுத்தவர் சோளக்காடு என்ற அந்த மலையூரில் என் பக்கத்துத் தோட்டக்காரர்.

முந்தைய ஆண்டு மிளகு பறிக்கையில் ஏணி சறுக்கி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றைக் கையில் தொங்கியவர் அவர். முறிந்த தோள் எலும்பு கூடிவிட்டது, நெஞ்சிலும் தோளிலும் வலு வரவில்லை. சாய்ந்து படுத்து எடை தூக்கச் சொன்ன நாமக்கல் டாக்டருக்கு, எப்படித் தூக்குவது என்று சொல்ல நேரமில்லை.

“தைக்கு நானே மரமேறோணுங்க சார். இல்லீன்னா மச்சான் ஏறுவான். ஏறுனவன் அப்பறம் தோட்டத்த உட்டு எறங்க மாட்டான்.”

இளமையில் இந்தப் பயிற்சியை முறையாகக் கற்றவன் நான். பொறுப்பேற்றேன். பெஞ்சு போட அவர் வீட்டில் இருந்த ஒரே இடம் மிளகு உலர்த்தும் களம். நீளமான, குறுகலான சிமெண்டுத் தரை. மழைநீர் ஓட வடக்கே சரிந்திருந்தது. அந்தச் சரிவை அளந்து, தலைப்பக்கம் வடக்கே பள்ளத்தில் வந்தால் நிமிர்ந்த முதுகுப்பலகை சரியாக முப்பது டிகிரிக்குத் தணியும்படி, சேந்தமங்கலம் வெல்டிங் பட்டறையில் பெஞ்சு செய்து பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்தேன். சாய்வு அதற்கு மேல் நிமிர்ந்தால் நெஞ்சு தப்பித்துக்கொள்ளும், பாரம் தோளுக்குப் போகும். அவருக்கு ஆகாததே அதுதான்.

தினமும் காலையில் நானே படுத்துக் காட்டுவேன். பாதம் தரையில் அழுந்த வேண்டும். தோள்பட்டை எலும்புகள் பின்னால் ஒடுங்கி பெஞ்சில் பதிய வேண்டும். முழங்கையைச் சிறகு மாதிரி விரிக்கக்கூடாது, மணிக்கட்டு மடங்கக்கூடாது. மூச்சை இழுத்தபடி டம்பெல்லை மெதுவாக நெஞ்சருகே இறக்கி, மூச்சை விட்டபடி மேலே தள்ள வேண்டும். உச்சியில் இரண்டையும் கோயில் மணி போல மோதவிடக்கூடாது. எல்லாவற்றுக்கும் கைகட்டி நின்று “சரிங்க” என்பார். தோட்ட வேலை முடித்து சாயங்காலம் தனியாகச் செய்வார்.

மறுநாள் காலையில், “தோளு கடுக்குதுங்க.”

எடையைக் குறைத்தேன். கடுத்தது. முழங்கையை விரிக்கிறாரா என்று கேட்டேன். “இல்லீங்க.” ஒருநாள் ஓய்வு கொடுத்தேன். கடுத்தது. மார்கழியும் பிறந்துவிட்டது. மச்சான் ஒருநாள் வந்து, கேட்காமலே ஏணியை எடுத்து நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனாராம்.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் சொல்லாமல் போய் நின்றேன். பெஞ்சு திரும்பிக் கிடந்தது. தலைப்பக்கம் மேட்டில். மனிதர் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில், தோளால் வானத்தை முட்டிக்கொண்டிருந்தார்.

“யார் இதைத் திருப்பியது?”

“நாந்தானுங்க. வடக்க தல வெச்சுப் படுக்கலாமுங்களா?”

“இது படுக்கிறது இல்லை. பயிற்சி.”

“முதுவு பலவையில பட்டா படுக்கறதுதானுங்க.”

“நான் தினமும் வடக்கேதானே தலை வைத்தேன்?”

“அதயேனுங்க கேக்கறீங்க,” என்றார் வாசலில் நின்ற அவர் மனைவி. “நீங்க எந்திரிக்கற வரைக்கும் எனக்கு உசுரே இருக்காதுங்க.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே.”

“படிச்சவங்க, மெனக்கெட்டுச் சொல்லிக் குடுக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?” என்றார் தோட்டக்காரர். விடிவதற்குள் பெஞ்சைப் பழையபடி திருப்பி வைத்துவிடுவாராம், என் மனம் நோகாதிருக்க.

அந்த மரியாதைதான் அவர் தோளைத் தின்றுகொண்டிருந்தது. வாதாடிப் பயனில்லை. தெற்கே தலை வைத்தபடியே பெஞ்சின் கால்பக்கத்துக்குக் கல் கொடுத்துச் சாய்வைத் தணித்தேன். இப்போது பாதம் தரைக்கு எட்டவில்லை. அதற்கும் இரண்டு கல். பட்டறையில் நான் வரைந்து கொடுத்த படம் எதற்கு ஆயிற்று என்று தெரியவில்லை. கடுப்பு மட்டும் நின்றது.

தையில் அவரே ஏறினார். மச்சான் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். ஏணியின் உச்சியில் இரண்டு முழங்கைகளும் சிறகாக விரிந்திருந்தன.

“முழங்கை,” என்றேன்.

“இது ஏணிங்க சார்,” என்று மேலிருந்து பதில் வந்தது. “பெஞ்சு இல்லீங்க.”